புது சி.டி.எல். கையில்: ஹாஸ்மாட், டேங்கர் எண்டார்ஸ்மென்ட் இப்போதே எடுக்கலாமா?

கேள்வி இது. நியூ ஜெர்சியில் இருக்கும் ஒருவர், கிரீன் கார்டு உள்ளவர், அண்மையில் கிளாஸ் ஏ சி.டி.எல்., அதாவது டிரெய்லர் லாரி ஓட்டும் வணிக லைசென்ஸ், வாங்கியிருக்கிறார். ஊரில் நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கர் ஓட்டியவர். ஆபத்தான சரக்குக்கான ஹாஸ்மாட், திரவ வண்டிக்கான டேங்கர் என்று லைசென்ஸில் கூடுதல் அனுமதியாகச் சேரும் இந்த இரண்டு எண்டார்ஸ்மென்டையும் எடுத்துவிட்டால் உடனே பெட்ரோல் டேங்கர் வேலை கிடைக்குமா, இல்லை ஒரு வருஷம் வேறு லோடு ஓட்டிவிட்டு எடுப்பது நல்லதா என்று கேட்கிறார்.

டேங்கருக்கான ‘என்’ எழுத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஹாஸ்மாட்டுக்கான ‘எச்’ வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அதில் காத்திருக்கும் நேரம் உங்கள் கையில் இல்லை. இரண்டும் சேர்ந்தால் லைசென்ஸில் ‘எக்ஸ்’ என்ற ஒரே எழுத்தாக வரும். ஆனால் அது வந்த கையோடு பெட்ரோல் டேங்கரில் ஏறிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இரண்டும் வெறும் எழுத்துப் பரீட்சைகள். முக்கால் டேங்க் திரவத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வளைவுச் சாலையான ராம்ப்பில் எப்படி இறங்குவது என்பதை அவை கற்றுத் தருவதில்லை. அதைக் கற்றுத் தரும் கம்பெனியைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை.

முதலில் ‘என்’. இது மிகவும் எளிது. சி.டி.எல். கையேட்டின் 8-வது பிரிவு முழுவதும் டேங்கரைப் பற்றியது, சில பக்கங்கள்தான். பெரும்பாலான மாநிலங்களில் 20 கேள்விகள், 16 சரியாக இருந்தால் போதும். வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, தனிப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டாம். பழகுநர் பெர்மிட் வைத்திருக்கும்போதே கூட இதை எடுத்திருக்கலாம். ஆனால் பெர்மிட்டில் இருக்கும்வரை காலி டேங்கர் மட்டும்தான் ஓட்டலாம், அதில் முன்பு ஆபத்தான சரக்கு இருந்திருந்தால் முழுக்கச் சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

“நான் டேங்கரே ஓட்டப் போவதில்லை, எனக்கு எதற்கு ‘என்’?” என்று புது டிரைவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சட்டம் டேங்க் வண்டி என்று எதைச் சொல்கிறது என்று பாருங்கள்: ஒவ்வொன்றும் 119 காலனுக்கு மேல் கொள்ளும் டேங்குகள், மொத்தக் கொள்ளளவு 1,000 காலனோ அதற்கு மேலோ இருந்தால், அவை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் தற்காலிகமாக ஏற்றப்பட்டிருந்தாலும், அது டேங்க் வண்டிதான். கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியாக இருக்குமே, டோட் என்பார்கள், அதன் கொள்ளளவு வழக்கமாக 275 காலன். நிரம்பிய நான்கு டோட்டை டிரை வேனில், அதாவது சாதாரண மூடிய பெட்டி டிரெய்லரில், ஏற்றினால் 1,100 காலன். உள்ளே இருப்பது சோப்புத் திரவமோ பழரசமோ, எதுவாக இருந்தாலும் ‘என்’ இல்லாமல் அந்த லோடை எடுக்க முடியாது. காலி டோட் என்று சரக்குச் சீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு வராது. டிரை வேன் ஓட்டப் போகிறவருக்கும் முதல் நாளிலிருந்தே ‘என்’ தேவைப்படுவது இதனால்தான்.

‘எச்’ கதை வேறு. 2022 பிப்ரவரி 7 முதல், முதல்முறையாக ஹாஸ்மாட் எடுப்பவர் அரசுப் பதிவேட்டில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தில் பாடப் பகுதியை முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம், ஓட்டும் பயிற்சி கிடையாது, 80 சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் முடித்த தகவலை அந்த நிறுவனமே மத்தியப் பதிவேட்டில் ஏற்றும். பணம் கட்டும் முன் அந்த நிறுவனம் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். சி.டி.எல். எடுத்த பள்ளியிலேயே ஹாஸ்மாட் பாடத்தையும் சேர்த்து முடித்திருந்தால் மறுபடி காசு கொடுக்க வேண்டாம், அதையும் விசாரியுங்கள்.

அதன் பிறகுதான் மோட்டார் வாகன அலுவலகத்தில் எழுத்துத் தேர்வு. பொதுவாக 30 கேள்விகள், 24 சரியாக வேண்டும். கையேட்டின் 9-வது பிரிவு. இது ‘என்’ மாதிரி ஒரு மாலையில் படித்து முடிக்கிற விஷயம் இல்லை. ஒன்பது வகைச் சரக்குகள், அவற்றின் உட்பிரிவுகள், எது எதோடு சேர்ந்து ஏறக்கூடாது, சரக்குச் சீட்டில் எந்த வரிசையில் என்ன இருக்க வேண்டும் என்று நிறைய இருக்கிறது. மாதிரிக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து போகிறவர்கள் உண்டு. அப்படிப் போய்த் தேறிவிட்டாலும், பிறகு ரோட்டில் ஆய்வாளர் முன் நிற்கும்போது கையைப் பிசைய வேண்டியிருக்கும். 9-வது பிரிவை ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படியுங்கள்.

கூடவே டி.எஸ்.ஏ. பின்னணிச் சோதனை. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்களே, அதே அமைப்புதான். 2001-ல் வந்த சட்டத்தின்படி, கைரேகை கொடுத்து இவர்களிடம் அனுமதி வாங்காமல் எந்த மாநிலமும் ‘எச்’ தராது. கட்டணம் ஏறக்குறைய 85 டாலர், மாநிலக் கட்டணம் தனி. பலருக்குச் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஆனால் தேவைப்படும் தேதிக்கு 60 நாளாவது முன்பே விண்ணப்பியுங்கள் என்று டி.எஸ்.ஏ. சொல்கிறது, அந்த அறிவுரையைக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, கிரீன் கார்டில் வேறு எழுத்து, லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராக என்று நம்மவர்கள் ஆவணங்களில் பெயர் மூன்று விதமாக இருப்பது சகஜம். கைரேகை கொடுக்கப் போகும் முன் எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்துவிடுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர் விண்ணப்பிக்கத் தடை இல்லை. குற்றப் பின்னணியில் இரண்டு வகை உண்டு. கொலை, தேசத்துரோகம், வெடிமருந்துக் குற்றம் போன்றவை நிரந்தரத் தடை. மோசடி, கொள்ளை, போதைப்பொருள் விற்பனை போன்றவற்றில் தண்டிக்கப்பட்டு ஏழு வருஷம் ஆகவில்லை, அல்லது சிறையிலிருந்து வெளிவந்து ஐந்து வருஷம் ஆகவில்லை என்றால் இடைக்காலத் தடை. சந்தேகம் இருப்பவர் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேல்முறையீடும் விலக்குக் கோரிக்கையும் செய்ய வழி இருக்கிறது. வேறு விசாவிலோ வேலை அனுமதி அட்டையிலோ இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்களுக்கான சி.டி.எல். விதிகளே 2025 முதல் மாற்றத்துக்கு உள்ளாகி வருகின்றன. பணம் செலவழிக்கும் முன் மாநில அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூன் 25 முதல், சாலை ஆய்வில் ஆங்கிலத்தில் பேசவும் பலகைகளைப் புரிந்துகொள்ளவும் முடியாத டிரைவரை மேற்கொண்டு ஓட்ட விடாமல் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஹாஸ்மாட் பலகை மாட்டிய வண்டி கூடுதலாகக் கண்ணில் படும். என்ன சரக்கு, எங்கே ஏற்றியது, எங்கே போகிறது, அவசரத் தொடர்பு எண் எங்கே இருக்கிறது என்று இந்த நாலு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

எந்த லோடுக்கு ‘எச்’ வேண்டும்? வண்டியின் நாலு பக்கமும் சாய்சதுரப் பலகை மாட்ட வேண்டிய சரக்கு என்றால் வேண்டும், பலகை தேவைப்படாத அளவு என்றால் வேண்டாம். பெரும்பாலான வகைகளுக்கு, டிரம் போன்ற சிறு கலன்களில் ஏற்றும்போது, மொத்தம் 1,001 பவுண்டு ஆகும்போது பலகை கட்டாயம். நச்சு வாயு, பெரிய வெடிபொருள், தண்ணீர் பட்டால் ஆபத்தாகும் பொருள் போன்ற சிலவற்றுக்கு ஒரு பவுண்டு இருந்தாலும் பலகை வேண்டும். டேங்கரில் மொத்தமாக ஏற்றினால் எடை வரம்பெல்லாம் பேச்சே இல்லை. லித்தியம் பேட்டரி 9-வது வகை, அதற்கு உள்நாட்டுப் போக்குவரத்தில் பலகை கட்டாயம் இல்லை. எனவே அதற்கு ‘எச்’ இல்லாமலே ஓட்டலாம். லோடு கொடுக்கும் இடத்தில் கிளார்க் இதில் குழம்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். விதியை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் கிளம்புவதில் வீண் தாமதம் இருக்காது.

பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது சரக்குச் சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இறங்கிப் போனால் கதவுப் பையிலோ டிரைவர் சீட்டின் மேலோ இருக்க வேண்டும் என்பது பரீட்சையில் ஒரு மார்க்குக்கான கேள்வி. ரோட்டில் அதன் அர்த்தம், நீங்கள் மயங்கிக் கிடந்தால் தீயணைப்பு வீரர் கதவைத் திறந்ததும் அந்தக் காகிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான். அதில் 1203 என்ற எண்ணைப் பார்த்தால் பெட்ரோல், 1075 என்றால் எல்.பி.ஜி. அதை வைத்துத்தான் தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா, ஊரையே காலி செய்வதா என்று அவர்கள் முடிவெடுக்கிறார்கள். பெட்ரோல் டேங்கர் ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்கு 15 முதல் 50 அடி முன்பே நின்று பார்த்துத்தான் போக வேண்டும், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக்கூடாது. பாதைத் தடைகளும் உண்டு. உங்கள் பக்கத்திலேயே பால்டிமோர் துறைமுகச் சுரங்கப் பாதையில் இந்தச் சரக்கோடு நுழைய முடியாது. கொலராடோவில் ஐ-70 ஐசனோவர் சுரங்கத்தைத் தவிர்த்து லவ்லேண்ட் கணவாய் வழியாக மலை ஏற வேண்டும். காருக்கான ஜி.பி.எஸ். இதையெல்லாம் சொல்லாது.

சரி, இப்போது வண்டிக்கு வருகிறேன். எனக்கு அதிக அக்கறை இதில்தான்.

திரவம் நகரும். பிரேக் அடித்தால் டேங்குக்குள் இருப்பது முன்னால் பாய்ந்து முன்சுவரில் மோதும். வண்டி நின்றுவிட்டது என்று காலை எடுத்தால், திரும்பி வரும் அலை வண்டியைச் சிக்னலுக்குள் தள்ளிவிடும். மழையிலோ பனியிலோ சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போகும். நின்ற பிறகும் பிரேக்கை விடாமல் அலை அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டும், முன்னால் இருக்கும் வண்டிக்கு டிரை வேனில் விடுவதைவிட அதிக இடைவெளி விட வேண்டும். உள்ளே ஓட்டை வைத்த தடுப்புச் சுவர்கள் இருந்தால் இந்த முன்பின் அலை குறையும். பால், பழரசம் போன்ற உணவு டேங்கர்களில் தடுப்பே இருக்காது, ஏனென்றால் அந்த மூலைகளில் கிருமி தங்கும், கழுவ முடியாது. அந்த வழுவழு டேங்கரில் பழகியவருக்குத்தான் திரவத்தின் குணம் உடம்பில் ஏறும் என்பது என் கருத்து.

தடுப்புச் சுவர் முன்பின் அலையைத்தான் தடுக்கும், பக்கவாட்டு அலையை அல்ல. டேங்கர் கவிழ்வது இதனால்தான். ஈர்ப்பு மையம் உயரத்தில், மேலே திரவம் ஒரு பக்கமாய்ச் சாய்கிறது, ராம்ப் வளைகிறது. ராம்ப்பின் மஞ்சள் பலகையில் உள்ள வேகம் டேங்கருக்கு அதிகமாக இருக்கக்கூடும் என்று கையேடே எச்சரிக்கிறது. நான் எப்போதும் பத்து மைல் குறைத்துத்தான் நுழைவேன், வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

2023 ஜூன் 11 அன்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பிலடெல்பியாவில் ஐ-95 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ராம்ப்பில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து எரிந்தது. அந்தத் தீயில் மேலே இருந்த பாலமே இடிந்து விழுந்தது, டிரைவர் இறந்தார். அதே வருஷம் செப்டம்பர் 29 இரவு, இல்லினாய் மாநிலத்தில் டியூடோபொலிஸ் என்ற சிற்றூருக்கு அருகே, அம்மோனியா ஏற்றிப் போன டேங்கரை ஒரு கார் முந்தியபோது, டேங்கர் வலது ஓரம் ஒதுங்கிக் கவிழ்ந்து டேங்கில் ஓட்டை விழுந்தது. வெளிவந்த வாயுவில் ஐந்து பேர் இறந்தார்கள். புது டிரைவர்கள் இந்த இரண்டாவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ராம்ப்பில் கவனமாக இருப்பவர்கள்கூட நேர்ச் சாலையில் யாராவது குறுக்கே வந்ததும் ஸ்டீரிங்கைத் திருப்பிவிடுகிறார்கள். ஓரச் சக்கரம் மண்ணில் இறங்கியதும் மறுபடி இழுத்தால் கதை முடிந்தது. டேங்கர் கவிழ்வதில் பாதிக்கு மேல் நேர்ச் சாலையில்தான் நடக்கிறது. ஒதுங்க வேண்டும் என்ற நினைப்பு வரும் முன் பிரேக் மிதிக்கும் பழக்கம் வர வேண்டும், அதற்கு இடைவெளி வேண்டும், அதற்கு வேகம் குறைவாக இருக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. மொத்த எடை 80,000 பவுண்டு. பெட்ரோல் ஒரு காலன் சுமார் ஆறு பவுண்டு, தண்ணீர் எட்டேகால், அடர் கந்தக அமிலம் பதினைந்தைத் தாண்டும். அமிலத்தை நிரப்ப நினைத்தால் டேங்க் நிரம்பும் முன்பே எடை நிரம்பிவிடும். சூட்டில் திரவம் விரிவடையும், அதற்கும் இடம் விட வேண்டும். ஆக முழுக்க நிரம்பிய டேங்கரை அநேகமாக நீங்கள் ஓட்டவே போவதில்லை. பாதி இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும்போது இன்னும் ஜாக்கிரதை, வண்டி லேசாகிவிட்டது என்ற எண்ணத்தில் வேகம் கூடிவிடும்.

நாமக்கல் அனுபவம் பற்றி. உருளையான பிரஷர் டேங்கை ஓட்டியவர் என்ற முறையில் திரவத்தின் மேல் உங்களுக்குப் பயம் கலந்த மரியாதை இருக்கும், அது பெரிய சொத்து. நேர்முகத்தில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இங்குள்ள இன்சூரன்ஸ்காரர்கள் அதை அனுபவமாகக் கணக்கில் எடுப்பது அபூர்வம். வேகமும் வேறு. ஊரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போன கை, இங்கே 65 மைலில், அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல், அதே அலையைச் சமாளிக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியை முடிவு செய்வதே இந்த இன்சூரன்ஸ்தான். சாதாரணச் சரக்கு ஏற்றும் வாடகை லாரிக்கு மத்திய சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பு 7,50,000 டாலர். பெட்ரோல், டீசல் என்றால் 10 லட்சம். மொத்தமாக எல்.பி.ஜி., சில ரசாயனங்கள் என்றால் 50 லட்சம். அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் டிரைவருக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விபத்தில்லாத அனுபவம் கேட்கும். ‘எக்ஸ்’ இருந்தும் பெட்ரோல் கம்பெனி கைவிரித்தால் உங்கள் மேல் குறை என்று நினைக்காதீர்கள்.

உங்கள் பகுதியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. நியூ ஜெர்சி, நியூயார்க், நியூ இங்கிலாந்து வீடுகள் பலவற்றில் இன்னும் ஹீட்டிங் ஆயில்தான். குளிர்காலத்துக்கு முன் அந்தக் கம்பெனிகள் ஆள் தேடும், புதியவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. டிரெய்லர் இல்லாத சிறிய டேங்கர், மூவாயிரம் காலன் அளவு. ‘எச்’, ‘என்’ இரண்டும் வேண்டும். இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டு டேங்கில் எண்ணெய் இறங்கும்போது காற்று வெளியேறும் குழாயில் விசில் ஊதிக்கொண்டே இருக்கும், நின்றால் டேங்க் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆரம்பத்திலிருந்தே விசில் கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். டேங்க் எப்போதோ கழற்றப்பட்டு, வெறும் குழாய் மட்டும் சுவரில் இருக்கும் வீடுகளும் உண்டு. பனி படர்ந்த சந்தில் ஒரு குளிர்காலம் ரிவர்ஸ் எடுத்தவருக்கு டேங்கர் நன்றாகப் பிடிபட்டுவிடும். தொலைதூரம்தான் விருப்பம் என்றால், ‘என்’ மட்டும் போதுமான உணவு டேங்கர் கம்பெனிகளில் புதியவர்களைப் பயிற்சியாளரோடு அனுப்புகிறவை உண்டு. சம்பளத்தை மட்டும் பார்க்காமல், பயிற்சியாளர் எத்தனை வாரம் கூட இருப்பார், ஏற்றி இறக்குவதை யார் சொல்லித் தருவார், டேங்க் கழுவும் இடத்தில் டிரைவர் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். காலி டேங்குக்குள் தலையைக்கூட விடாதீர்கள். பழரச டேங்கரிலும் கெடாமல் இருக்க நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த விபத்துகள் இந்தத் தொழிலில் உண்டு. உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வா என்று யார் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்காக வேலை போனால் போகட்டும்.

அப்புறம், வேலையில் சேர்ந்ததும் கம்பெனியே உங்களுக்குத் தனியாக ஹாஸ்மாட் பயிற்சி கொடுக்க வேண்டும். சேர்ந்த 90 நாளுக்குள், அதன்பின் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. லைசென்ஸில் ‘எச்’ இருப்பது இதற்கு ஈடாகாது, அந்தப் பயிற்சிச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.ஏ. அனுமதி ஐந்து வருஷம்தான் செல்லும். புதுப்பிக்கும்போது பின்னணிச் சோதனையும் எழுத்துத் தேர்வும் மறுபடி உண்டு, அந்த ஆன்லைன் பாடம் மட்டும் மறுபடி வேண்டாம். காலாவதித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நினைவூட்டும்படி போனில் இன்றே குறித்துவிடுங்கள். துறைமுக வேலையும் பார்க்க நினைத்தால், துறைமுகத்துக்குள் நுழையக் காட்ட வேண்டிய ட்விக் அடையாள அட்டைக்கும் இதே டி.எஸ்.ஏ. சோதனைதான். ஒன்று கையில் இருந்தால் மற்றதற்குக் கட்டணம் குறையும், விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.